பேட்டரி மாற்றிய பிறகு வண்டியில் தலைகாட்டும் மின்கோளாறுகள்: படிப்படியாகக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு ஊர்களில் ஒரு கார் ஆண்டு முழுவதும் ஓடுகிற நாள்களைவிட நிற்கிற நாள்களே அதிகம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி மட்டும் கொட்டகையில் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ மணிவிழாவுக்கோ ஊருக்கு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. விசேஷ வீட்டின் அவசரத்தில் காரைக்குடியிலிருந்து ஆளை வரவழைத்துப் புது பேட்டரி வைத்துவிடுவார்கள். அத்துடன் தீர்ந்தது என்று நினைக்கும்போதுதான் கண்ணாடி தானாக ஏறாமல் நிற்கும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையாமல் எரியும், ஆக்சிலரேட்டரைத் தொடாத ஐடில் ஓட்டத்தில் வண்டி நடுங்கி நின்றுபோகும், அல்லது மூன்றாம் நாள் காலையில் புது பேட்டரியும் இறங்கிக் கிடக்கும்.

இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலோர் உடனே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைச் சந்தேகிக்கிறார்கள், அல்லது வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையைத் தேடி ஓடுகிறார்கள். என் அனுபவத்தில் தேட வேண்டிய வரிசை வேறு. பேட்டரியைச் சுற்றிக் கை பட்ட இடங்களை முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் வண்டி எதையெல்லாம் மறந்தது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். பழைய பேட்டரியைக் கொன்ற நோய் இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறதா என்பதைக் கடைசியாக, ஆனால் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். இந்த வரிசையில் போனால் முதல் அரைமணி நேரத்திலேயே பல கோளாறுகள் ஒரு ரூபாய் செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், நயமான உப்புத்தாள், கொஞ்சம் ஆப்ப சோடா, ஒரு கப் வெந்நீர், பழைய பல்துலக்கும் பிரஷ், வாசலின், வண்டியுடன் வந்த கையேடு ஆகியவை போதும். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒயரை டெர்மினலில் தட்டிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அந்த சிக்ரி வளாகத்து மதிலை ஒட்டிய சாலையிலேயே பேட்டரியைப் பொறி பறக்கவிட்டுச் சோதிப்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை.

தொடங்குமுன் மோதிரம், கைச்சங்கிலி, உலோகப் பட்டை போட்ட கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். ஆகவே பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, காற்றோட்டமில்லாத கொட்டகையாக இருந்தால் வண்டியை வெளியே தள்ளிக்கொள்வது நல்லது. உள்ளே இருப்பது கந்தக அமிலம் என்பதால் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். ஹைபிரிட் வண்டியிலும் மின்சார வண்டியிலும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக்கூடாது. இந்த வழிகாட்டி அவற்றிலுள்ள 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டுமே பொருந்தும்.

முதல் படி: வந்தது சரியான பேட்டரிதானா

புது பேட்டரி என்பதாலேயே அது முழுச் சார்ஜில் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பேட்டரி தானாகவே இறங்கியிருக்கும். வெயில் கூடுதலான ஊரில் அந்த இறக்கம் இன்னும் வேகமாக நடக்கும். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து இரண்டு டெர்மினல்களிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0-க்குக் கீழே போய்விட்டால் அதைக் கடைக்குக் கொண்டுபோய் மெதுவான சார்ஜில் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். வண்டியை ஓட்டினாலே ஏறிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டிலிருந்து பிள்ளையார்பட்டி போய்த் திரும்புகிற தூரத்தில் பாதி இறங்கிய பேட்டரி நிரம்பிவிடாது.

அடுத்து அளவும் அமைப்பும். பேட்டரியின் மேல் 38பி20எல் என்று எழுதியிருந்தால் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். 38பி20எல், 38பி20ஆர் இரண்டும் ஒரே அளவுதான்; ஆனால் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறியிருக்கும். மாறிய பேட்டரியை வைத்துவிட்டுக் கேபிளை இழுத்து இழுத்து எட்ட வைத்திருந்தால், அந்த இழுப்பே பின்னாளில் கிளாம்ப் தளர்வதற்கும் உறை தேய்வதற்கும் காரணமாகும். டெர்மினல் தடிமனிலும் மெல்லியது, தடித்தது என இரண்டு வகை உண்டு. தடித்த கிளாம்பை மெல்லிய டெர்மினலில் மாட்டித் தகரத் துண்டைச் செருகி இறுக்கியிருந்தால், அங்கேயே பாதிக் கோளாறு பிறந்துவிட்டது என்று பொருள்.

சிக்னலில் நின்றால் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைப் பேட்டரிதான் வைக்க வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி வைத்தால் முதல் வாரம் ஓடும். அதன் ஆயுள் வேகமாகக் கரையும்.

இரண்டாம் படி: டெர்மினலும் எர்த்தும்

இந்த ஒரு படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை. நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்து பார்க்க வேண்டும்.

முதலில் கை வைத்துப் பார்ப்பது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் கையால் ஒவ்வொரு கிளாம்பையும் திருகிப் பார்க்க வேண்டும். இம்மியளவும் அசையக் கூடாது. அசைந்தால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்க வேண்டும். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் எளிது. வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவுடன் சேர்ந்தது (இந்த இணைப்பைத்தான் எர்த் என்கிறோம்); நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றுகிற ஸ்பேனர் பாடியில் பட்டால் ஸ்பேனரே பழுத்துச் சிவக்கும் அளவுக்குக் கரண்ட் பாயும். கிளாம்பின் உள்வட்டத்தில் வெண்பச்சைப் பொடி பூத்திருந்தால், ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பிரஷால் தேய்த்து, நுரை அடங்கியதும் துடைத்து, உலர்ந்தபின் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட வேண்டும். புது பேட்டரிக்குப் பழைய கிளாம்பை அப்படியே மாட்டுவது, கழுவாத இலையில் சாப்பாடு பரிமாறுவது போன்றது. இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலினை மெல்லியதாகப் பூசலாம். தொடும் பரப்பில் முன்கூட்டியே பூசக் கூடாது.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதை மட்டும் நம்பிவிட முடியாது என்பதை எங்கள் வீட்டு வண்டியிலேயே கற்றுக்கொண்டேன். சென்ற கோடையில் சித்தப்பாவின் காருக்குப் புது பேட்டரி வைத்தோம். மறுநாள் செல்ஃப் 'டக், டக்' என்று தட்டியதோடு நின்றது. மீட்டரில் 12.6 வோல்ட் காட்டியது. பேட்டரி வைத்துக் கொடுத்தவர் போனில், "செல்ஃப் மோட்டார் போயிருக்கும்ணே, கழட்டிப் பார்த்துரலாம்" என்றார். கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலின் ஈயத் தலைமேலும் மறுமுனையை எஞ்சினின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, சித்தப்பாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய மீட்டர் 2.9 வோல்ட்டுக்குத் தாவியது. அதாவது, செல்ஃபுக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்று வோல்ட் எர்த் பாதையிலேயே கரைந்துகொண்டிருந்தது.

டார்ச் அடித்துத் தேடியபோது, பேட்டரித் தட்டுக்குப் பின்னால், பெருவிரல் அகல வளையம் வைத்த ஒரு கறுப்பு ஒயர் எதிலும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டைக் கழற்றி வைத்தபோது அவிழ்த்த எஞ்சின் எர்த் அது. மறுபடி மாட்ட மறந்திருந்தார்கள். கரண்ட் முழுவதும் வேறு ஏதோ மெல்லிய ஒயர் வழியாகத் திணறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெயின்ட் படிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து ஒரு போல்ட் போட்டு இறுக்கியதும் செல்ஃப் முதல் திருப்பிலேயே எடுத்தது. "இதுக்கா மோட்டாரைக் கழட்டச் சொன்னாரு?" என்றார் சித்தப்பா.

இந்தச் சோதனையின் அடிப்படை இதுதான்: ஒரு இணைப்பு சரியா என்பது கரண்ட் பாயும்போதுதான் தெரியும். சும்மா இருக்கும் வண்டியில் துருப்பிடித்த இணைப்பும் 12.6 வோல்ட் காட்டும். ஆகவே இன்னொருவரைச் சாவியைத் திருப்ப வைத்து, சில வினாடிகள் செல்ஃப் சுற்றும்போதே கீழ்க்கண்டவற்றை அளக்க வேண்டும். பேட்டரியின் இரு டெர்மினல்களுக்கும் இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது; போனால் பேட்டரியே பலவீனம், அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. நெகட்டிவ் தலைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. நெகட்டிவ் தலைக்கும் வண்டியின் பாடிக்கும் இடையிலும் அப்படியே. பாசிட்டிவ் தலைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த இடத்தில் அளவு தாண்டுகிறதோ அந்த இடத்துக் கேபிளையும் அதன் இரு முனைகளையும்தான் பார்க்க வேண்டும். வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பாசிட்டிவ் கிளாம்பில் நேரடியாகத் தொற்றிக்கொண்டிருந்த மெல்லிய சிவப்பு ஒயர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூடுதல் ஹாரன், பனி விளக்கு, பின்பக்கக் கேமரா, ஜி.பி.எஸ். கருவி என்று வெளியே வாங்கிப் பொருத்தியவை பெரும்பாலும் அங்கேதான் முடிச்சுப் போடப்பட்டிருக்கும். பேட்டரி மாற்றும் அவசரத்தில் அவற்றில் ஒன்று விடுபட்டால், அந்த ஒரு பொருள் மட்டும் வேலை செய்யாது.

இன்னொன்று: பல கார்களில் காற்று வடிகட்டிப் பெட்டியை நகர்த்தினால்தான் பேட்டரி வெளியே வரும். அந்தக் குழாயைச் சரியாகப் பொருத்தாமல் விட்டாலோ, அதிலுள்ள சென்சார் கனெக்டரை மாட்ட மறந்தாலோ, எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி ஐடிலில் தடுமாறும். மின்கோளாறு போலத் தோற்றமளிக்கும் இது உண்மையில் கைமறதி. கனெக்டர் 'கிளிக்' என்று அமர்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: ஃபியூஸ்

பேட்டரியை ஒரு கணமாவது பாசிட்டிவும் நெகட்டிவும் மாறித் தலைகீழாக மாட்டியிருந்தால், அல்லது ஸ்பேனர் இடறிப் பொறி பறந்திருந்தால், இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். பேட்டரி வைத்தவரிடம் கோபமில்லாமல் கேட்டுப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவார். ஃபியூஸ் பெட்டி ஒன்று பானெட்டுக்குள்ளும் இன்னொன்று ஸ்டியரிங்குக்குக் கீழேயும் இருக்கும். மூடியின் உட்புறத்தில் எது எதற்கென்று படம் இருக்கும். சிறிய தட்டை ஃபியூஸ்களின் நிறம் உலகெங்கும் ஒன்றுதான்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எரிந்த ஃபியூஸுக்கு அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் ஜரிகைத் தாளைச் சுற்றிப் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஒயர் எரிவதற்கு அவர்களே வழி அமைத்துக் கொடுக்கிறார்கள்.

தலைகீழாக மாட்டிய வண்டிகளில் பெரும்பாலும் போவது பெரிய முதன்மை ஃபியூஸ். பல கார்களில் இது பாசிட்டிவ் கிளாம்பின் மேலேயே போல்ட் போட்டு இருக்கும். டைனமோவிலிருந்து வரும் பாதையிலுள்ள பெரிய ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது. பேட்டரி விளக்கு எரியும். ஓரிரு மணி நேரத்தில் நடுவழியில் நிற்கும். டைனமோவை மாற்றும்முன் இந்த ஃபியூஸைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், தலைகீழ் இணைப்பில் டைனமோவுக்குள் இருக்கும் டயோடுகள் போயிருக்கக்கூடும். அது பட்டறை வேலை.

நான்காம் படி: சார்ஜ் ஏறுகிறதா

எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யும் விளக்கும் இல்லாமல் பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டு, எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் 13.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் புது பேட்டரியும் கொதித்து வீணாகும். நெகட்டிவ் கிளாம்பில் சிறிய சென்சார் வைத்த புதிய கார்களில், சார்ஜ் நிறைந்ததும் வண்டியே அழுத்தத்தை 13 வோல்ட்டுக்கு அருகில் இறக்கிவிடும். அதைக் கோளாறென்று எண்ணக் கூடாது. ஹெட்லைட்டைப் போட்டால் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கேபிளைப் பிடுங்கி, வண்டி அணையாவிட்டால் டைனமோ நல்லது என்று தீர்ப்புச் சொல்கிற பழைய பழக்கம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத அம்பாசடர் காலத்தில் அது செல்லுபடியானது. இன்றைய வண்டியில் அப்படிப் பிடுங்கினால் ஒரு நொடியில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட் எகிறி, எஞ்சின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வண்டி மறந்ததை நினைவூட்டுதல்

இதுவரை எல்லாம் சரியாக இருந்தும் சில விஷயங்கள் மட்டும் கோணலாக இருந்தால், அவை பழுதல்ல, மறதி. மின்சாரம் அறுந்தபோது வண்டி தான் கற்று வைத்திருந்த சில அளவுகளை இழந்துவிடுகிறது. கீழே சொல்பவை பொதுவான முறைகள். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறுமாதிரி இருந்தால் கையேடு சொல்வதே சரி.

கண்ணாடி ஒரே அழுத்தலில் ஏறவில்லை என்றால், முழுவதும் கீழே இறக்கி, பொத்தானை இழுத்துப் பிடித்தபடி முழுவதும் ஏற்றி, மேலே முட்டிய பிறகும் இரண்டு மூன்று வினாடிகள் விடாமல் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் அதனதன் பொத்தானில் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஸ்டியரிங் படமோ சறுக்கும் கார் படமோ போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ஒருமுறை முழுதாகத் திருப்பி நேராக்கி, சிறிது தூரம் ஓட்டினால் பெரும்பாலான வண்டிகளில் அணைந்துவிடும். ஐடிலில் நடுக்கம் இருந்தால், சாவியை ஸ்டார்ட் செய்யாமல் 'ஆன்' நிலையில் அரை நிமிடம் வைத்து, அணைத்து, பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடமும், ஏ.சி. போட்டு இன்னொரு பத்து நிமிடமும் ஓடவிட வேண்டும். அதன் பிறகு காரைக்குடி – தேவகோட்டை சாலையில் நிதானமாகப் போய் வந்தால், எஞ்சின் தன் அளவுகளைத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

ரேடியோ தன் ரகசிய எண்ணைக் கேட்டால் தோராயமாக எதையும் அடிக்க வேண்டாம். பலமுறை தவறினால் பூட்டிக்கொள்ளும். கையேட்டுப் பையில் சிறிய அட்டையில் அந்த எண் இருக்கலாம். தானாக அணைந்து ஸ்டார்ட் ஆகும் வசதி முதல் நாளில் வேலை செய்யாமல் இருப்பது இயல்பு. வண்டி ஓர் இரவு பூட்டியபடி அமைதியாக நின்றால்தான் பேட்டரி சென்சார் புது பேட்டரியை அளந்து முடிக்கும். சில உயர்விலைக் கார்களில் மட்டும் புது பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிவு செய்தாக வேண்டும். ஏர்பேக் விளக்கு அணையாவிட்டால் நீங்களாக எதையும் பிரிக்க வேண்டாம். மஞ்சள் கனெக்டர்களில் மீட்டரை வைக்கவே கூடாது.

ஆறாம் படி: இரவில் கசியும் கரண்ட்

புது பேட்டரி இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடுகிறது, சார்ஜும் சரியாக ஏறுகிறது என்றால், பழைய பேட்டரியைக் கொன்ற அதே கசிவுதான் புதியதையும் தின்கிறது. அணைத்துப் பூட்டிய காரும் கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. இதைக் கணக்காகப் பார்த்தால் நம் ஊர்க் கார்களின் கதை புரியும். 50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி வைத்த கார் ஒரு மாதம் அசையாமல் நின்றால், ஒரு கோளாறும் இல்லாமலேயே காலியாகிவிடும். கார்த்திகை தீபத்துக்கு வந்துவிட்டுத் தைப்பூசத்துக்குத் திரும்பி வருகிறவர்களின் பேட்டரி இறங்கியிருப்பதில் எந்த மர்மமும் இல்லை. அதே கணக்கில் 300 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஐந்து நாளில் முழுவதும் காலி. அதுதான் கோளாறு.

அளக்கும் முறை பொறுமையைக் கேட்கும். பானெட்டைத் திறந்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் அதன் பூட்டு நாக்கைத் தள்ளி வண்டியை மூடியதாக நம்ப வைக்க வேண்டும். சாவியை வண்டியிலிருந்து பல அடி தள்ளி, வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முதலில் சில ஆம்பியர் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டிக்குள்ளிருக்கும் சிறு கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக இருபது நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் வரை ஆகும். திண்ணையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் உண்மையான எண் தெரியும்.

50-க்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் எண் விழுகிறது என்று பார்ப்பது வழக்கமான முறை. அதில் ஒரு சிக்கல் உண்டு: ஃபியூஸைத் திரும்பச் செருகும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு எண்ணை ஏற்றிவிடும். அதனால் நான் நெகட்டிவ் கேபிளை மறுபடி மாட்டி, மீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்குத் திருப்பி, வண்டி மறுபடி தூங்கிய பிறகு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஃபியூஸைப் பிடுங்காமலேயே அதன் முதுகிலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பார்ப்பேன். பூஜ்யமல்லாத எண் காட்டுகிற ஃபியூஸ் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுற்றில் என்னென்ன இருக்கின்றன என்று மூடிப் படத்தில் பார்த்தால் தேடல் குறுகிவிடும். டிக்கி விளக்கு, கையுறைப் பெட்டி விளக்கு, அணையாமல் ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வெளியே பொருத்திய ஸ்டீரியோ, கேமரா ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

நம் ஊருக்கே உரிய குற்றவாளி எலி. பெரிய வீடுகளின் பூட்டிய கட்டுகளிலும் கொட்டகைகளிலும் அவற்றுக்குக் குறைவில்லை. உறை கடித்து வெறுமையான ஒயர் பாடியில் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஃபியூஸ் போகாது, கசிவு மட்டும் இருந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் கூடும், கோடையில் குறையும். பேட்டரித் தட்டின் அடியிலும் எஞ்சின் மூடியின் மேலும் எலிப் புழுக்கையோ, வைக்கோலோ, கிழிந்த பஞ்சோ கிடந்தால் அதைச் சுற்றி ஓர் அடிக்குள் இருக்கும் ஒயர்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கடிபட்ட இடத்தை வெறும் டேப் சுற்றி மூடாமல், சால்டரிங் செய்து சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு முடிக்க வேண்டும்.

இரு சக்கர வண்டிகளுக்கும் பழைய கார்களுக்கும்

இரு சக்கர வண்டிகளிலும் இதே வரிசைதான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகள் பெரும்பாலும் எரிபொருளை பம்ப் மூலம் பீய்ச்சுபவை. பேட்டரி அறவே இறங்கினால் கிக்கர் இருந்தாலும் பயனில்லை. டெர்மினலுக்குள் நழுவும் சிறிய சதுர நட் சரியாக அமராமல் போல்ட் மட்டும் இறுகியதுபோல் தோன்றுவதே இங்கு அதிகம் நடப்பது. எஞ்சின் வேகத்தைக் கூட்டி அளந்தும் 13.5 வோல்ட் வராவிட்டால், அல்லது 15-ஐத் தாண்டினால், ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

சில வீடுகளில் தாத்தா காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்குப் புது பேட்டரி வாங்குமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். சில, 6 வோல்ட் வண்டிகள். இன்னும் சிலவற்றில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ். கறுப்பு ஒயர்தான் எர்த் என்ற இன்றைய பழக்கத்தில் மாட்டினால் எல்லாம் தலைகீழாகும். பழைய பேட்டரியின் எந்தத் தலை பாடிக்குப் போகிறது என்று கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்குத் திரும்பும்போது

எல்லாம் சரியான பிறகு வண்டியை மறுபடி இரண்டு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, டெர்மினலில் தற்செயலாகப் படாதபடி துணி சுற்றி ஒதுக்கி வைத்துவிடலாம். அதற்கு முன் கதவைச் சாவித் துளையில் கையால் திறந்து பழகிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ரிமோட் வேலை செய்யாது. மின்பூட்டு வைத்த டிக்கிக்குள் சாவியை வைத்துவிடவும் கூடாது. பழைய பேட்டரியைக் கொட்டகை மூலையில் போட்டு வைக்காமல் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்; 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பத்தான் சொல்கின்றன. கடைசியாக, ஸ்டியரிங்கில் ஒரு காகிதத்தை ஒட்டி 'எர்த் கழற்றியிருக்கிறது' என்று எழுதி வைக்க வேண்டும். சென்ற முறை சித்தப்பா அதை எழுதாமல் விட்டுவிட்டுப் போனதால், வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தெருப் பையன்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு வண்டியைச் சிவன் கோயில் ஊருணிவரை தள்ளிப் பார்த்துவிட்டு, "பேட்டரி மறுபடியும் போயிருச்சுங்கய்யா" என்று போன் செய்தார்.